சுத்த தன்யாசி பாடினால் ப்ளூஸ் ஆகிவிடுமா?

கேள்வி: தாஜ் மஹால் என்ற அமெரிக்க ப்ளூஸ் பாடகரோடு, மைசூரில் பிறந்த சித்ரவீணை ரவிகிரணும் ஜெய்ப்பூர் விஸ்வமோகன் பட்டும் சேர்ந்து வாசித்த ‘மும்தாஜ் மஹால்’ என்ற பதிவை என் மகன் போட்டுக் காட்டினான். எனக்குக் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழக்கம். ப்ளூஸ் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் ஒட்டாமல் போகவில்லை. “ப்ளூஸ் என்பது நம்ம சுத்த தன்யாசிதான், அதனால்தான் ஒட்டுகிறது” என்கிறார் எங்கள் பாட்டு வாத்தியார். அது சரியா? இப்படிச் சேர்ந்து வாசிப்பவர்கள் பெரிதாக ஒத்திகைகூடப் பார்ப்பதில்லையாமே, அது எப்படி முடிகிறது?

— ஒரு வாசகர், கொள்ளேகால்

பதில்: உங்கள் வாத்தியாருக்கு நல்ல காது. அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ப்ளூஸ் கிட்டார் கற்க வருகிறவருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் ஐந்து சுரங்கள் இவை: சட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். சுத்த தன்யாசியின் ஆரோகணமும் அதுவேதான். ஐந்துக்கு ஐந்து பொருத்தம் என்றால் கல்யாணத்தையே முடித்துவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அந்த ஐந்து சுரங்களையும் ஹார்மோனியத்தில் வரிசையாக வாசியுங்கள். சுத்த தன்யாசியின் சாயல் வரும், ப்ளூஸ் வராது. எவ்வளவு சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தாலும் வராது. அதே ஹார்மோனியத்தில் தோடியை வாசித்தாலும் இதே கதைதான்; சுரங்கள் எல்லாம் இருக்கும், தோடி இருக்காது. ஏனென்றால் தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருப்பதுதான் அதன் உயிர். ப்ளூஸிலும் சிக்கல் காந்தாரத்தில்தான்.

அந்தக் காந்தாரத்தை ‘ப்ளூ நோட்’ என்பார்கள். நிலையான இடமில்லாமல், சற்றே தாழ்த்தியோ வளைத்தோ பாடப்படும் சுரம் என்று பொருள். இசை ஆய்வாளர்கள் ஒரு ஸ்தாயியை 1200 சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சென்ட் என்று கணக்கிடுவார்கள். பியானோ கட்டையில் சாதாரண காந்தாரம் 300-ஆவது சென்ட்டில் இருக்கிறது, அந்தர காந்தாரம் 400-இல். ப்ளூஸ் பாடகர் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சந்தில் புகுந்து, சில சமயம் நடுவில் தங்கி, சில சமயம் கீழிருந்து மேலே இழுத்து, ஒரே அடிக்குள் இரண்டு விதமாகவும் பாடிவிடுவார். பியானோவில் இதற்குக் கட்டை கிடையாது. அதனால் ப்ளூஸ் பியானோக்காரர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் கிட்டத்தட்ட ஒன்றாக அழுத்தி அந்த உரசலை ஏமாற்றிக் கொண்டுவருவார்கள்.

இரண்டாவது வேறுபாடு இதைவிடப் பெரியது. பாடகர் சாதாரண காந்தாரத்தின் பக்கம் சாய்ந்து பாடும்போது கிட்டார் என்ன செய்கிறது? அந்தர காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கிட்டார் வாசிப்பது ‘கார்ட்’, அதாவது மூன்று நான்கு சுரங்களை ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டு. சட்ஜத்தின் மேல் கட்டிய கூட்டில் ச, அந்தர காந்தாரம், ப மூன்றும் இருக்கும். மேலே ஒரு காந்தாரம், கீழே இன்னொரு காந்தாரம். நம் கச்சேரியில் வயலின்காரர் இப்படிச் செய்தால் பாடகர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். ப்ளூஸில் அந்த உரசலுக்காகத்தான் காசு கொடுக்கிறார்கள். (இரண்டு காந்தாரமும் நமக்கு அந்நியம் என்று சொல்லவில்லை. இந்துஸ்தானி ஜோக் ராகத்தில் இரண்டும் உண்டு. நாட்டையின் ஷட்சுருதி ரிஷபம் இருப்பதும் சாதாரண காந்தாரத்தின் இடத்தில்தான். ஆனால் அங்கே அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும், ஒன்றின்மேல் ஒன்றாக அல்ல.)

போதாததற்கு அந்தக் கூட்டு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. பெரும்பாலான ப்ளூஸ் பாட்டுகள் 12 பார் கணக்கில் ஓடும். பார் என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு பகுதி. ஆகமொத்தம் 48 எண்ணிக்கை, ஆதி தாளத்தில் சொன்னால் ஆறு ஆவர்த்தனம். முதல் நான்கு பார் சட்ஜத்தின் கூட்டு, அடுத்த இரண்டு மத்யமத்தின் கூட்டு, மறுபடி சட்ஜத்தில் இரண்டு, பிறகு பஞ்சமத்தில் ஒன்று, மத்யமத்தில் ஒன்று, கடைசியில் சட்ஜத்துக்கு வந்து இரண்டு. நமக்குத் தம்பூரா தொடக்கம் முதல் மங்களம் வரை அசையாது. அவர்களுக்குத் தரையே நகர்கிறது. சுரப் பொருத்தத்தை மட்டும் நம்பி ஒரு சித்ரவீணைக்காரரையும் ப்ளூஸ்காரரையும் உட்காரவைத்தால் ஐந்தாவது பாரிலேயே இருவருக்கும் வழக்கு வந்துவிடும்.

அப்படியானால் நீங்கள் கேட்ட பதிவு எப்படி ஒட்டியது? முதல் காரணத்தைக் கையில் எடுத்தே காட்டலாம்: ஒரு கண்ணாடிக் குழாய்.

டபிள்யூ. சி. ஹாண்டி என்ற இசையமைப்பாளர், சுமார் 1903-இல் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைத் தந்தியின் மேல் அழுத்திக் கிட்டார் வாசித்ததைக் கேட்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கத்திக்குப் பதில் உடைந்த பாட்டிலின் கழுத்து, இரும்புத் துண்டு, மருந்துச் சீசா என்று எதையாவது விரலில் மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் வழுக்குவதற்குத்தான் ‘ஸ்லைட்’ என்று பெயர். இந்தப் பழக்கம் மேற்கு ஆப்பிரிக்க ஒற்றைத் தந்தி வாத்தியங்களிலிருந்து வந்தது என்பார் உண்டு, ஹவாய்த் தீவிலிருந்து வந்தது என்பார் உண்டு. இங்கிருந்து போனது என்று மார்தட்ட உறுதியான ஆதாரம் கிடையாது. நமக்கு அது தேவையும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் சங்கீத ரத்னாகரம் பேசும் ஏகதந்த்ரி வீணையே வழுக்கி வாசித்ததுதான். நம் தெற்கில் அந்த முறையை மேடையில் நிலைநாட்டியவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். செம்மங்குடி சீனிவாச ஐயரே அவரிடம் பாடம் கேட்டவர். ரவிகிரணின் தாத்தா கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார் அந்த வழியில் வந்தவர். பழைய ரசிகர்கள் கோட்டுவாத்தியம் என்று சொல்லும் அதே வாத்தியம்தான் இன்று சித்ரவீணை.

இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதாரணக் கிட்டாரில் விரல், மெட்டுக்குச் சற்றுப் பின்னால் தந்தியைப் பலகையோடு அழுத்தும்; சுரத்தைத் தீர்மானிப்பது மெட்டு. ஸ்லைடில் குழாய் மெட்டுக் கம்பிக்கு நேர் மேலே, தந்தியைத் தொட்டும் தொடாமலும் மிதக்கும். அழுத்தினால் கடகடவென்று இரையும். குழாய்க்குப் பின்னால் ஒரு விரல் தந்தியை லேசாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் தந்தியின் மறுபாதியும் சேர்ந்து முனகும். குழாய் நிற்கும் இடமே சுரம். ஒரு மயிரிழை தள்ளினால் இன்னொரு சுரம். மெட்டு இருந்தும் பயனில்லை, கண்ணுக்கு அடையாளம் என்பதோடு சரி. சித்ரவீணையில் அந்த அடையாளமும் இல்லை, மெட்டே கிடையாது. ஒரு காலத்தில் கருங்காலிக் கட்டையால் வழுக்கினார்கள். ரவிகிரண் பயன்படுத்துவது டெஃப்லான் உருளை. விஸ்வமோகன் பட்டின் மோகன வீணையும் கிட்டாரை மாற்றிச் செய்து, மடியில் படுக்கவைத்து உருளையால் வாசிப்பதே.

ஆகவே தாஜ் மஹாலின் குரல் இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே எங்கே போய் நின்றாலும் இவர்களால் அதே இடத்துக்குப் போக முடியும். ஒரு பியானோக்காரருக்கோ புல்லாங்குழல் பழகும் மாணவருக்கோ அது அவ்வளவு சுலபமல்ல. ஆரோகண அவரோகணம் ஒத்துப்போவதைவிட இது ஆழமான உறவு என்பேன். சுரப் பட்டியல் ஒன்றாக இல்லாவிட்டாலும், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழி இருவருக்கும் ஒன்றாக இருக்கிறது.

சுருதி கூட்டுவதிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஸ்லைட் வாசிப்பவர்கள் பெரும்பாலும் கிட்டாரை வழக்கமான முறையில் சுருதி சேர்ப்பதில்லை. ‘ஓப்பன் டியூனிங்’ என்று ஒன்று செய்வார்கள்; அதாவது எந்தத் தந்தியையும் பிடிக்காமல் வெறுமனே வருடினாலே ஒரு கூட்டு ஒலிக்கும்படி முறுக்குவது. அவற்றில் புகழ்பெற்ற ஒன்றை நம் சுரத்தில் எழுதினால் ச–ப–ச–க–ப–ச. நடுவில் உள்ள அந்த அந்தர காந்தாரத்தை எடுத்துவிட்டால் மிச்சம் தம்பூரா. சித்ரவீணையின் தந்திகளும் ச–ப–ச என்றே நிற்பவை. எனவே, ப்ளூஸ்காரர் கூட்டை மாற்றாமல் சட்ஜத்திலேயே உட்கார்ந்து வாசிக்க முடிவுசெய்துவிட்டால் நான் மேலே சொன்ன வழக்கு பாதிக்குமேல் தீர்ந்துபோகிறது. இது புதிதாகக் கண்டுபிடித்த சமரசம் அல்ல. மிசிசிப்பியின் பழைய பாட்டுக்காரர்களில் பலர் அப்படித்தான் வாசித்தார்கள். ஃப்ரெட் மெக்டவல் ஒரே கூட்டில் பாட்டை ஓட்டிவிடுவார். ஜான் லீ ஹூக்கர் கூட்டை மாற்றினால் மாற்றுவார், தோன்றாவிட்டால் மாட்டார். 12 பார் அவர் கையில் 11 ஆகும், 13 ஆகும். 1989-இல், முதிய வயதில், அவர் வெளியிட்ட ‘தி ஹீலர்’ தொகுப்பில் கார்லோஸ் சந்தானா, பானி ரெய்ட், ராபர்ட் க்ரே என்று பெரிய விருந்தாளிகள் வந்து வாசித்தார்கள். அவரோடு சேர்பவர்கள் கணக்கை மறந்துவிட்டு அவர் கால் தட்டுவதைக் கவனித்தால் பிழைத்தார்கள்.

கொள்ளேகால்காரருக்கு இதை விளக்க மிசிசிப்பி வரை போயிருக்கவே வேண்டாம். சிக்கல்லூர் ஜாத்திரையில் நீலகாரர்கள் மண்டேஸ்வாமி கதையைத் தம்பூரி மீட்டிப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். சுருதி ஒன்று, அது மாறாது. அதன் மேல் கதை எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் போகும். மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் கம்சாளே பாடுகிறவர்கள் உண்டு. ஒரு கையில் வெண்கலக் கிண்ணம், இன்னொன்று கயிற்றில் சுழன்று வந்து அதில் மோதும். முன்பாட்டுக்காரர் ஒரு வரியை விட, கூட நிற்பவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். முன்பாட்டு, பின்பாட்டு. ப்ளூஸின் எலும்பும் இதுதான். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், அந்த இடைவெளியில் கிட்டார் பதில் சொல்லும். பி.பி. கிங் இதை எல்லைக்கே கொண்டுபோனவர். பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். சுரக்கூட்டு வாசிப்பது தனக்குக் கைவராது என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டவர். அவர் பதிவுகளில் குரலுக்குப் பதில் சொல்லும் அந்தக் கிட்டாரை, ஆலாபனையில் பின்தொடரும் வயலின் என்று நினைத்துக் கேட்டுப் பாருங்கள், பழகியதுபோல் இருக்கும்.

இப்போது ஒத்திகைக்கு வருகிறேன். இந்தக் கேள்வியை ஒரு ஜெர்மானியர் கேட்டால் நியாயம், கச்சேரி கேட்டு வளர்ந்த நீங்கள் கேட்கலாமா? நம் சபாக்களில் பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் மேடையேறும்போதுதான் “என்ன கட்டை?” என்று கேட்டுக்கொள்வது இன்றைக்கும் நடக்கிறது. ராகம் எது, பல்லவி என்ன தாளம் என்பதெல்லாம் போகப் போகத் தெரியும். எல்லாரும் ஒவ்வொரு நாளும் யாருக்காவது விருந்தாளிதான். சுருதி, காலப்பிரமாணம், யாருக்குப் பின் யார் என்ற மூன்றும் தீர்ந்தால் மற்றது காதின் பொறுப்பு. உங்கள் ஊர்க் கடைவீதியில் ஒருவர் தமிழில் விலை கேட்க, மற்றவர் கன்னடத்தில் பதில் சொல்ல, யாரும் தன் மொழியை விடாமலே பேரம் படிந்துவிடுகிறது அல்லவா, அந்த மாதிரி.

இந்தப் பேரத்துக்குத் தரகராக இருந்தவரைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கையில் பிறந்து கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ‘வாட்டர் லில்லி அகௌஸ்டிக்ஸ்’ என்ற சிறிய ஒலிப்பதிவு நிறுவனத்தை நடத்திய கவிச்சந்திரன் அலெக்சாண்டர். வால்வு கருவிகள், காந்த நாடா, கலைஞர்களைச் சுற்றி ஏராளமான மைக் இல்லாமல் ஒரே ஜோடி மைக், நல்ல எதிரொலியுள்ள தேவாலயக் கூடம்: இவை அவருடைய பாணி. இப்போது பல விருந்தாளித் தொகுப்புகளில் பாடகர் ஓர் ஊரில் பாடி அனுப்புவார், கிட்டார்காரர் வேறு ஊரில் வாசித்து ஒட்டுவார். இருவரும் சந்திக்காமலே ‘சந்திப்பு’ வெளிவரும். ஒரே ஜோடி மைக்கின் முன் அந்த வித்தை நடக்காது. எல்லாரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசித்தே தீர வேண்டும்.

1992-இல் அவர் அப்படித்தான் ரை கூடர் என்ற அமெரிக்க ஸ்லைட் கலைஞரையும் விஸ்வமோகன் பட்டையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்தார். பதிவுக்குச் சற்று முன்புதான் இருவரும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டார்கள். அதிலிருந்து வந்த ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ 1994-இல் கிராமி விருது வாங்கியது. அந்த ரை கூடரும் தாஜ் மஹாலும் 1960-களின் நடுவில் லாஸ் ஏஞ்சலீஸில் ‘ரைசிங் சன்ஸ்’ என்ற குழுவில் ஒன்றாக வாசித்த பழைய கூட்டாளிகள். அதே நிறுவனத்திலிருந்து 1995-இல் வந்ததுதான் உங்கள் மகன் போட்டுக் காட்டிய பதிவு. 1942-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் ஹென்றி செயின்ட் கிளேர் ஃப்ரெடரிக்ஸ் என்ற பெயரில் பிறந்த தாஜ் மஹால் அப்போது ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு வயதில் முந்நூறுக்கு மேற்பட்ட ராகங்களை அடையாளம் சொன்ன பிள்ளை என்று பேர்வாங்கிய ரவிகிரண் முப்பதைத் தொடாதவர்.

அனுபவசாலியின் கைத்திறன் எதில் தெரிகிறது என்று கேட்டால், பாட்டுத் தேர்வில் என்பேன். மோகன வீணையில் பன்னிரண்டு பரிவுத் தந்திகள் உண்டு. அவற்றை யாரும் மீட்டுவதில்லை. மேலே அதே சுரம் ஒலிக்கும்போது தாமாக அதிர்பவை. பாட்டின் சுரங்களுக்கு ஏற்ப முன்கூட்டியே முறுக்கிவைக்க வேண்டும், நடுவில் மாற்ற முடியாது. கூட்டு கண்டபடி தாவும் பாட்டை எடுத்தால் இந்தத் தந்திகள் பழைய சுரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். அந்தத் தொகுப்பில் உள்ள ‘ஸ்டாண்ட் பை மீ’ பாட்டைப் பாருங்கள். பென் ஈ. கிங் 1961-இல் புகழாக்கிய மெட்டு அது. நான்கு கூட்டுகள் திரும்பத் திரும்பச் சுழலும். நகரும் தரையாயிற்றே என்று பயப்படலாம். ஆனால் அந்த நான்கில் மூன்று கூட்டுகளுக்குள் சட்ஜம் இருக்கிறது, பஞ்சமத்தின் கூட்டில் மட்டும்தான் இல்லை. சுரங்கள் முழுக்கச் சங்கராபரணத்துக்குள் அடங்கும். முத்துசாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளை எடுத்து நோட்டு சுர சாகித்தியம் செய்தபோது நின்ற அதே நிலம்தான். அதனால் பரிவுத் தந்திகள் உறுத்தாமல் தப்பிக்கின்றன.

இதற்கு விலையும் உண்டு. சித்ரவீணைக்காரர் கோர்வை, கணக்கு, விரிவான ராக ஆலாபனை எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார். ப்ளூஸ்காரர் 12 பாரின் இழுவையைத் தளர்த்துகிறார். சங்கராபரணத்துக்குள் இனிமையாகச் சுற்றும் பாட்டுகளில் இந்த விலை கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அங்கே விருந்தாளிகள் அலங்காரமாகிவிடும் ஆபத்து உண்டு. அதே தொகுப்பில் உள்ள ‘கம் ஆன் இன் மை கிச்சன்’ அப்படியல்ல. ராபர்ட் ஜான்சன் 1936-இல் சான் அன்டோனியோவில் பதிவுசெய்த பாட்டு. அவரே ஸ்லைடில்தான் வாசித்தார், குரலோடு சேர்ந்து தந்தியும் முனகும். வழுக்கி வாசிப்பவர் உள்ளே நுழைவதற்காகவே கதவைத் திறந்துவைத்த பாட்டு.

தாஜ் மஹால் இப்படிக் கூட்டுச் சேர்வதை ஒரு தொழிலாகவே செய்துவந்தவர். 1999-இல் மாலி நாட்டு கோரா கலைஞர் துமானி டியாபாட்டேயோடு ‘குலன்ஜான்’, 2017-இல் தன்னைவிட இளையவரான கெப் மோவோடு ‘தாஜ்மோ’, 2022-இல் மறுபடி அதே ரை கூடரோடு ‘கெட் ஆன் போர்ட்’. கடைசி இரண்டுக்கும் ப்ளூஸ் பிரிவில் கிராமி கிடைத்தது. கோராவுக்கும் 21 தந்தி, ரவிகிரணின் சித்ரவீணைக்கும் 21 தந்தி. இதில் ரகசியம் எதுவும் இல்லை, தற்செயல். யாராவது இதை வைத்துக் கட்டுரை எழுதினால் நம்ப வேண்டாம். கோராவில் வழுக்கவே முடியாது, ஒவ்வொரு தந்தியும் ஒரு சுரம். எனவே ‘குலன்ஜான்’ ஒட்டுவதற்குக் காரணம் வேறு: ப்ளூஸ் பாடியவர்களின் முன்னோர் பலர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்.

உங்கள் மகனிடம் முதலில் ராபர்ட் ஜான்சனின் ‘கிச்சன்’ பாட்டை இரண்டு முறை போடச் சொல்லுங்கள். பழைய தட்டு, கரகரப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு உடனே தாஜ் மஹாலின் பதிவு. ராகம் என்ன என்று தேட வேண்டாம். குரல் ஒரு வரியை முடித்து மூச்சு விடுகிற இடத்தில் யார் நுழைகிறார்கள், அவர்கள் காந்தாரத்தை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.